கோர்ன்வால் நாட்டு மேரி

‘தீவாந்தரம்’ என்ற சொல் காதில் விழுந்தவுடனே நம் மக்களுக்கு அந்தமான் நினைவுக்கு வரும். 1858-ஆம் ஆண்டு முதல் அங்கே கைதிகளைக் கொண்டு சென்று குவித்த ஆங்கில அரசு, அதே தண்டனையை அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே தன் சொந்த மக்கள்மீது பெரிய அளவில் செலுத்தத் தொடங்கியிருந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1788 முதல் 1868 வரையிலான எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,62,000 ஆண்களும் பெண்களும் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியக் கண்டத்திற்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். பெண்கள் மட்டும் ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் பதிவேட்டில் ஒரு பெயராகவும், ஒரு குற்றமாகவும், ஓர் ஆண்டுக் கணக்காகவும் எஞ்சி நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை மட்டும் இங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். நெடுநாட்களாக நம் மனத்தை விட்டு அகலாத வாழ்க்கை அது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் கோர்ன்வால். அங்கே ஃபோய் என்றொரு சிறு துறைமுகம். 1765-ஆம் ஆண்டு மே முதல் நாள் அவ்வூர்க் கோயிலில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு மேரி என்று பெயரிட்டார்கள். தந்தை வில்லியம் பிராடு கடலோடி. கடலோடியின் மகளாகப் பிறந்தது பிற்காலத்தில் அவளுக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அந்நாளைய இங்கிலாந்தில் வறுமை கொடியது. சட்டம் அதனினும் கொடியது. மரண தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியல் இருநூறை எட்டிக் கொண்டிருந்த காலம். இருபது வயதில் மேரி பிளிமத் நகரின் பக்கம் வந்து சேர்ந்திருந்தாள். 1786-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவளும் இன்னும் இரு பெண்களும் சேர்ந்து, சாலையில் தனியே வந்த ஆக்னஸ் லேக்மன் என்ற பெண்ணைத் தாக்கி, அவளுடைய பட்டுத் தொப்பியையும் பிற பொருள்களையும் பறித்துக்கொண்டார்கள். எல்லாவற்றின் மதிப்பும் ஏறத்தாழ பதினொன்றரைப் பவுன். இவ்விடத்தில் நாம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேரியைப் பற்றி எழுதுவோரிற் சிலர் அவளை ஏதோ ஒரு தொப்பியைத் திருடிய அப்பாவிப் பெண்ணாகக் காட்ட முனைகிறார்கள். அது சரியன்று. நெடுஞ்சாலையில் ஒரு பெண்ணை மூன்று பேர் மடக்கி அடித்துப் பறித்தது வழிப்பறிதான். அன்று அடிபட்ட ஆக்னஸும் ஓர் ஏழைத் தாய் பெற்ற மகளாக இருந்திருக்கக் கூடும். இரக்கம் காட்டுவதற்காக உண்மையைக் குறைத்துச் சொல்லவேண்டிய தேவை நமக்கு இல்லை.

மார்ச் 20-ஆம் நாள் எக்சிட்டர் நகர நீதிமன்றத்தில் மேரிக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஏழாண்டு நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கடத்துவதற்கு ஒரு நாடு இல்லை! அதுவரை கைதிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பி, அங்கே தோட்ட முதலாளிகளிடம் வேலைக்கு விற்று வந்தார்கள். அமெரிக்கர் விடுதலைப் போர் தொடங்கியதும் அந்தக் கதவு அடைபட்டுப் போயிற்று. சிறைகள் நிரம்பி வழிந்தன. பயன்படாத பழங்கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிவிட்டு, அவற்றைத் துறைமுகங்களில் நிறுத்தி, கைதிகளை உள்ளே அடைத்தார்கள். பிளிமத் துறைமுகத்தில் நின்ற ‘டன்கர்க்’ என்ற அத்தகைய கப்பற்சிறையில்தான் மேரியும் அடைக்கப்பட்டாள். இறுதியில், கேப்டன் குக் 1770-இல் கண்டு வந்த ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை அரசினர் தேர்ந்தெடுத்தார்கள். அந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் வாழ்ந்து வந்தார்கள் என்பது அந்தத் தேர்வுக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

1787 மே 13-ஆம் நாள் பதினொரு கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டன. எழுநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் அவற்றில் இருந்தார்கள். மேரி ஏறிய கப்பலின் பெயர் ‘சார்லட்’. செப்டம்பர் மாதத்தில், நடுக்கடலில், அவள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். கப்பலின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினாள். தந்தை யார் என்பதை அவள் எங்கும் சொல்லவில்லை. நன்னம்பிக்கை முனைத் துறைமுகத்தில் கப்பல்கள் தங்கியபோது, கப்பல்களோடு வந்த ஆங்கிலிக்கன் குரு ரிச்சர்டு ஜான்சன் குழந்தைக்குத் திருமுழுக்களித்தார்.

அதே கப்பலில் வில்லியம் பிரையன்ட் என்ற மற்றொரு கோர்ன்வால்காரன் இருந்தான். மீனவன், 1784-இல் ஏழாண்டுத் தண்டனை பெற்றவன். கப்பல்கள் 1788 ஜனவரி 26-இல் சிட்னி துறையில் நங்கூரமிட்டன. பிப்ரவரி 10-ஆம் நாள் அந்தப் புதிய குடியேற்றத்தின் முதல் திருமணங்கள் நடைபெற்றன. ஐந்து இணைகள். அவற்றுள் ஓர் இணை வில்லியமும் மேரியும். திருமணப் பதிவில் மேரி இட்டது கையெழுத்தன்று, ஒரு கீறல்.

திருமணத்தை நிறைவேற்றி வைக்கும் பணியில் உள்ள நமக்கு, வில்லியம் பிரையன்ட் பிற்காலத்தில் அடிக்கடி சொல்லி வந்ததாக நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதி வைத்துள்ள ஒரு செய்தி நெருடலாக இருக்கிறது. இந்த நாட்டில் செய்துகொண்ட திருமணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அவன் பேசிக்கொண்டிருந்தானாம். அவன் மட்டும் அப்படி எண்ணவில்லை போலும். தண்டனைக் காலம் முடிந்தவர்கள், தாமாகப் பிழைக்க இயலாத மனைவி மக்களை அரசின் தலையில் விட்டுவிட்டுக் குடியேற்றத்தை விட்டுப் போகக் கூடாது என்று ஆளுநர் ஆணையிட வேண்டியிருந்தது. ஆயினும் பேச்சு ஒன்று, நடப்பு ஒன்று என்பதும் மனித இயல்புதானே! வில்லியம் தப்பியோடியபோது தனியே ஓடவில்லை. மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டே ஓடினான். அவன் அழைத்தானா, அவள்தான் விட மறுத்தாளா என்பதை அவ்விருவரையன்றி யாரறிவார்?

சிட்னியில் அந்த முதல் ஆண்டுகள் பஞ்ச ஆண்டுகள். நிலம் விளையவில்லை, உழத் தெரிந்தவர் மிகச் சிலர். கொண்டுவந்த உணவுப் பொருள்கள் குறைந்துகொண்டே வந்தன. இந்நிலையில் மீன் பிடிக்கத் தெரிந்த ஒருவன் பொன்னுக்குச் சமம். வில்லியமை மீன்பிடிப் படகுகளுக்குப் பொறுப்பாளனாக்கி, தனிக் குடிசையும் கொடுத்தார்கள். பிடித்த மீனில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அது போதவில்லையோ, ஆசை மிகுந்ததோ, 1789-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவன் மீனைக் கள்ளத்தனமாக விற்றது பிடிபட்டது. நூறு கசையடி. படகுப் பொறுப்பும் போயிற்று, குடிசையும் போயிற்று. ஆனால் அவனைப் போல் மீன் பிடிக்க வேறு ஆள் இல்லாததால், அடித்த கையோடு மீண்டும் படகிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். முதுகின் புண் ஆறுவதற்குள் அந்த முதுகை அடித்தவர்களுக்காகவே வலை இழுத்தவன் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1790 மார்ச் மாதத்தில், குடியேற்றத்தின் பெருங்கப்பலான ‘சிரியஸ்’ நார்போக் தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. ஏப்ரலில் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டது. ஓர் ஆளுக்கு ஒரு வாரத்திற்கு இரண்டரை இராத்தல் மாவு, இரண்டு இராத்தல் அரிசி, பல ஆண்டுகளாக உப்பில் ஊறிக் கிடந்த பன்றியிறைச்சி இரண்டு இராத்தல். அந்த ஏப்ரல் மாதத்திலேதான் மேரியின் இரண்டாம் குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தது. ஆண் குழந்தை. இம்மானுவேல் என்று பெயரிட்டார்கள். ‘கடவுள் நம்மோடு’ என்று பொருள். சூன் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டாம் கப்பல் தொகுதி உணவைக் கொண்டு வந்ததைவிட நோயாளிகளையும் பிணங்களையுமே அதிகமாகக் கொண்டு வந்தது. அதில் ஏறிய கைதிகளில் நாலில் ஒரு பங்கினர் வழியிலேயே இறந்திருந்தார்கள்.

ஆண்டு முடியும் தறுவாயில் ‘வாக்சம்ஹைட்’ என்ற டச்சுக் கப்பல் பட்டாவியாவிலிருந்து உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. பட்டாவியா என்பது இன்றைய சகார்த்தா. அக்கப்பலின் தலைவருக்கும் ஆங்கில ஆளுநருக்கும் பொருந்தவில்லை. வில்லியம் இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டான். எப்படியோ சேர்த்து வைத்த காசைக் கொடுத்து, டச்சுக்காரரிடமிருந்து ஒரு திசைகாட்டி, விண்மீன்களைக் கொண்டு இடமறியும் கோணமானி, கடல் வரைபடம், இரண்டு துப்பாக்கிகள், அரிசி ஆகியவற்றை வாங்கிச் சேர்த்தான். குடிசையின் தரைப் பலகைகளுக்கு அடியில் குழி தோண்டி அனைத்தையும் மறைத்தார்கள். அந்தப் பலகைகளின்மேல் இரண்டு குழந்தைகளை விளையாட விட்டுக்கொண்டு, வந்து போகும் காவலர்களுக்கு முன்னால் முகம் மாறாமல் மேரி எத்தனை வாரங்கள் இருந்திருப்பாள்!

பிப்ரவரி இறுதியில், மீன் ஏற்றி வந்த ஆளுநரின் படகு புயற்காற்றில் கவிழ்ந்தது. அத்துறையின் ஆதிகுடியினரான பென்னலாங்கும் அவருடைய தோழர்களும் கடலில் இறங்கி ஆட்களையும் படகையும் மீட்டுக் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு முன்னர் இதே பென்னலாங்கை ஆங்கிலேயர் வலுவில் பிடித்து விலங்கிட்டு வைத்திருந்தனர் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். கவிழ்ந்த படகைச் செப்பனிட்டுப் புதிய பாயும் மரமும் பொருத்தினார்கள். எல்லாம் அரசாங்கச் செலவில். தப்பிச் செல்வோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1791 மார்ச் 28-ஆம் நாள் டச்சுக் கப்பல் துறைமுகத்தை விட்டுச் சென்றது. துரத்திப் பிடிக்க வேறு கப்பல் அங்கே நிற்கவில்லை. அன்றிரவு வில்லியம், மேரி, மூன்றரை வயதுச் சார்லட், ஏறத்தாழ ஓராண்டே ஆன இம்மானுவேல், மேலும் ஏழு ஆண் கைதிகள், ஆகப் பதினொரு பேர் அந்தப் படகில் ஏறித் துறைமுக வாயிலைக் கடந்தார்கள். விடிந்தபின் காவலர் வந்து பார்த்தபோது குடிசையிலிருந்து கரை வரை அரிசி சிந்திக் கிடந்தது. ஒரு கைவாளும் ஒரு தராசும் வழியில் விழுந்து கிடந்தன. ஏழு பேரில் ஒருவனான ஜேம்ஸ் காக்ஸ் தான் நேசித்த பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பிடிபட்டால் தூக்கு. பிடிபடாவிட்டால் கடல். படகில் இருந்தவை ஏறத்தாழ நூறு இராத்தல் மாவு, அதே அளவு அரிசி, பதினான்கு இராத்தல் இறைச்சி, எட்டுக் காலன் தண்ணீர். பாலுண்ணும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அறியாத கடலில் இறங்குவது ஒரு தாய் செய்யத் தக்கதா? கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது, இக்கதையை ஒரு மாலைக் கூட்டத்தில் சொல்லி முடித்து, நாம் மக்களிடம் இதே வினாவைக் கேட்டோம். ஆண்களில் பலர், குழந்தைகளோடு போயிருக்கக் கூடாது என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர், “சாமி, புள்ளைக்குச் சோறு இல்லாத ஊர்ல கரையும் ஒண்ணுதான் கடலும் ஒண்ணுதான்” என்றார். அதற்கு மறுமொழி சொல்ல நமக்கு இறையியல் போதவில்லை. ஆனாலும், பின்னால் நடந்தவற்றை எண்ணும்போதெல்லாம் அந்த வினா முழுமையாக ஓய்ந்துவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

படகில் சென்ற எழுவரில் ஜேம்ஸ் மார்ட்டின் என்றோர் அயர்லாந்துக்காரன் இருந்தான். பழைய ஈயத்தையும் சிறிது இரும்பையும் திருடியதற்காக ஏழாண்டு பெற்றவன். அவன் வாயிலாக வந்த ஒரு சிறு குறிப்பு நூல் மட்டும் இப்பயணத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிறது. முதல் கப்பல் தொகுதியில் சென்ற கைதிகளின் வாயிலிருந்து வந்த வரலாறு இது ஒன்றே என்பர். தண்டனைக் குடியேற்றங்களைக் கடுமையாக எதிர்த்த சட்ட அறிஞர் ஜெரமி பெந்தாமின் காகிதக் கட்டுகளுக்குள் அது கிடந்தது. இன்றும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பாதுகாக்கப்படுகிறது. எழுத்துப் பிழை மலிந்த நடை. ஆனால் ஒரு சொல்கூட அலங்காரத்திற்காக எழுதப்பட்டதன்று.

இரண்டு நாள் சென்றதும் ஒரு சிற்றாற்றின் முகத்தில் கரையேறினார்கள். அங்கே தரையிலேயே நிலக்கரி கிடந்தது; எடுத்து எரித்துப் பார்த்தார்கள், நன்றாக எரிந்தது. அவ்விடத்து ஆதிகுடியினருக்குச் சில துணிகளைக் கொடுத்தார்கள். அவர்கள் மகிழ்ந்து சென்றார்கள். அடுத்தடுத்த இடங்களில் வரவேற்பு அவ்வாறு இல்லை. ஈட்டிகளைக் கண்டு படகுக்குத் திரும்பி ஓட நேர்ந்தது. பின்னர் வாரக்கணக்கில் மழை. படகின் பலகை இடுக்குகள் வாய் திறந்து தண்ணீர் புகுந்தது. குங்கிலியமும் தேன்மெழுகும் வைத்து அடைத்தார்கள். அது தீர்ந்தபின் சவர்க்காரத்தை வைத்து அடைத்தார்கள். ஓரிரவு படகு மூழ்கிப்போகும் நிலை வந்தபோது, பாரத்தைக் குறைக்க உடைகளையெல்லாம் கடலில் எறிந்தார்கள். எல்லாம் நனைந்து போனதால் தீ மூட்ட வழியில்லை. பச்சரிசியை அப்படியே மென்று தின்றார்கள். அந்தப் பெண்ணும் இரண்டு குழந்தைகளும் பட்ட பாட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள் என்று மார்ட்டின் ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறான். அதற்குமேல் எழுத அவனுக்கு மொழியும் இல்லை, மனமும் இல்லை போலும்.

பெரும் பவளத்திட்டுப் பகுதியில் சிறு தீவொன்றில் கரையேறியபோது ஆமைகள் கிடைத்தன. ஒரு டசன் ஆமைகளைப் பிடித்து இறைச்சியை உலர்த்தி எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆமைகள் இல்லாதிருந்தால் நாம் இன்று இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். கண்டத்தின் வடமுனையைச் சுற்றிக் கார்ப்பென்டேரியா வளைகுடாவை அடைந்தபோது, பாய் கட்டிய பெரிய தோணிகளில் வந்தவர்கள் அவர்களைத் துரத்தினார்கள். திறந்த கடலில் பாயை விரித்து ஓடித் தப்பினார்கள்.

1791 சூன் 5-ஆம் நாள், அறுபத்தொன்பது நாட்களுக்குப் பின், தீமோர் தீவின் கூப்பாங் துறைமுகத்தை அப்படகு அடைந்தது. 3,254 மைல். பதினொரு பேர் ஏறினார்கள், பதினொரு பேரும் இறங்கினார்கள். குழந்தைகள் உட்பட ஒருவரும் சாகவில்லை. அதே கூப்பாங் துறைக்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், கலகக்காரர்களால் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கேப்டன் பிளை என்பவர் திறந்த படகில் வந்து சேர்ந்ததை உலகம் வீரச் செயலாகப் போற்றியது. பிளை அரசாங்கக் கடற்படையின் அதிகாரி. இவர்களோ கைதிகள்.

திமிங்கிலம் பிடிக்கச் சென்ற கப்பல் உடைந்து தப்பி வந்தோம் என்று அவர்கள் டச்சு ஆளுநரிடம் சொன்னார்கள். அவரும் நம்பி, உணவும் உடையும் கொடுத்து, வேலையும் கொடுத்தார். மேரியின் வாழ்வில் வயிறார உண்டு அச்சமின்றி உறங்கிய காலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் நீடிக்கவில்லை. வில்லியமுக்கும் அவளுக்கும் ஏதோ சச்சரவு மூண்டது. அவன் சென்று தன்னையும் மனைவி மக்களையும் மற்றவர்களையும் தானே காட்டிக் கொடுத்துவிட்டான் என்கிறான் மார்ட்டின். கடல் கொல்லாததை வாய் கொன்றது. செப்டம்பர் மாதத்தில் கேப்டன் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி கூப்பாங் வந்து சேர்ந்தார். அவருடைய ‘பண்டோரா’ கப்பலும் உடைந்துபோயிருந்தது. பிளையின் கப்பலைக் கைப்பற்றிய கலகக்காரர்களைத் தேடிப் பிடித்து வரச் சென்றவர் அவர். கைதிகளை நடத்துவதில் இரக்கமற்றவர். பதினொரு பேரையும் டச்சுக்காரர் அவரிடம் ஒப்படைத்தார்கள். விலங்கிட்டுப் பட்டாவியாவுக்குக் கொண்டு சென்றார்.

பட்டாவியா அந்நாளில் காய்ச்சலின் கிடங்கு. 1791 டிசம்பர் முதல் நாள் இம்மானுவேல் இறந்தான். அதே மாதம் 22-ஆம் நாள் வில்லியம் இறந்தான். ஒரே மாதத்தில் மகனையும் கணவனையும் அந்த மண்ணில் விட்டுவிட்டு, எஞ்சிய ஒரு மகளோடு மேரி கப்பலேறினாள். காதலிக்குக் கடிதம் எழுதி வைத்த ஜேம்ஸ் காக்ஸ் சுண்டா நீரிணையில் கடலில் குதித்தான், மீளவில்லை. மேலும் இருவர் நோயால் மாண்டனர்.

1792 மார்ச்சில் நன்னம்பிக்கை முனையில் அவர்களை ‘கார்கன்’ என்ற ஆங்கிலக் கப்பலுக்கு மாற்றினார்கள். சிட்னியில் பணி முடித்துத் தாயகம் திரும்பும் படைவீரர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் கேப்டன் வாட்கின் டென்ச். ஐந்தாண்டுகளுக்கு முன் மேரியை ஏற்றிச் சென்ற அதே ‘சார்லட்’ கப்பலில் காவலராகச் சென்றவர். அவளை அடையாளம் கண்டுகொண்டார். இம்மக்களைக் காணும்போதெல்லாம் இரக்கமும் வியப்பும் கொள்ளாமல் இருக்க முடியவில்லை என்ற கருத்துப்பட அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். தப்பியோடிய கைதியைப் பற்றி ஒரு படை அதிகாரி அச்சில் அப்படி எழுதியது சிறிய செயலன்று.

வெப்ப மண்டலத்தின் கடுமையில் அக்கப்பலில் பல குழந்தைகள் இறந்தன. மே 6-ஆம் நாள் சார்லட்டும் இறந்தாள். ஐந்து வயது நிறையவில்லை. கடலில் பிறந்தவளைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். நன்னம்பிக்கை முனையில் திருமுழுக்குப் பெற்று அவள் தெற்கே போனாள். அதே முனையைக் கடந்து வடக்கே வருகையில் முடிந்து போனாள். தன் நாட்டின் மண்ணை அச்சிறுமி ஒரு நாளும் மிதிக்கவில்லை.

சூன் மாதத்தில் இங்கிலாந்து. மேரியும் எஞ்சிய நான்கு ஆண்களும் லண்டன் நியூகேட் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஐரோப்பாவிலேயே இழிந்த சிறை என்று பெயரெடுத்த இடம் அது. அவர்களோ, பட்டதை நினைத்தால் இது சொர்க்கம் என்றார்களாம். செய்தித்தாள்கள் அவர்களைப் பற்றி எழுதின. மக்கள் மனம் இளகிப் பணம் திரட்டினார்கள். நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதிக்கவில்லை. பழைய தண்டனையின் கீழ் சட்டப்படி விடுவிக்கப்படும் வரை சிறையில் இருக்கட்டும் என்று ஆணையிட்டது. அந்தச் சொற்களுக்கு எல்லை எது என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் ஜேம்ஸ் பாஸ்வெல் இக்கதைக்குள் வருகிறார். அறிஞர் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை 1791-இல் வெளியிட்டுப் புகழின் உச்சியில் இருந்தவர், வழக்கறிஞர். அவருடைய நாட்குறிப்புகளைப் படித்தவர்களுக்கு அவர் நல்லொழுக்கத்தின் எடுத்துக்காட்டு அல்லர் என்பது தெரியும். குடியும் பிற பலவீனங்களும் நிறைந்த மனிதர். ஆனால் இந்த ஐவருக்காக அவர் ஓடிய ஓட்டம் உண்மையானது. உள்துறை அமைச்சர் ஹென்றி டண்டாஸ் அவருடன் எடின்பரோவில் படித்தவர். அந்தப் பழைய உறவை வைத்து நேரிலும் கடிதத்திலும் விடாமல் வேண்டினார். 1793 மே 2-ஆம் நாள் மேரிக்கு மன்னிப்பு வந்தது. அதற்குள் ஏழாண்டுத் தண்டனையே முடிந்து போயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போதும் பாஸ்வெல் ஓயவில்லை. ஆண்கள் நால்வருக்காகவும் மன்றாடினார். நவம்பரில் அவர்களும் விடுதலையானார்கள்.

பாஸ்வெல் மேரிக்கு லண்டனில் தங்க இடம் பார்த்துக் கொடுத்தார். இருவரையும் இணைத்து நகரில் கேலி பேசினார்கள். அதற்குச் சான்று ஏதும் இல்லை; நாமும் அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. அக்டோபர் மாதத்தில் ஃபோய்க்குச் செல்லும் கப்பலில் அவளை ஏற்றிவிட அவரே துறைக்குச் சென்றார். அவள் சோர்ந்திருந்தாள். உறவினர் தன்னை நன்றாக நடத்தமாட்டார்கள் என்று அஞ்சினாள். முதிர்ந்த தந்தையைப் பார்ப்பது உன் கடமை என்று அவர் தேற்றினார். ஆண்டுதோறும் பத்துப் பவுன் அனுப்புவதாகவும், பிறர் தராவிட்டால் தாமே தருவதாகவும் உறுதி கூறினார். அவள் ஒழுங்காக நடந்துகொள்ளும் வரை என்றொரு நிபந்தனையையும் சேர்த்திருந்தார். நாட்குறிப்பில் அந்த வரியைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, ஒரு கூச்சமும் வருகிறது. உதவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏழையின் நடத்தைக்கு அளவுகோல் எடுப்பது பாஸ்வெல்லோடு முடிந்துபோன பழக்கமா? ஞாயிறு திருப்பலிக்குப் பின் உதவி கேட்டு வருவோரிடம் நாமே எத்தனை முறை அப்படிக் கேட்டிருக்கிறோம்!

மேரி அவருக்கு ஒரு சிறு பொதியைக் கொடுத்திருந்தாள். சிட்னி துறையின் புதர்களில் வளரும் ஒரு கொடியின் காய்ந்த இலைகள். இனிப்புச் சுவையுள்ளவை, தேயிலை இல்லாத கைதிகள் அவற்றைக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். படகில் உடைகளைக்கூடக் கடலில் எறிந்தவர்கள், கூப்பாங், பட்டாவியா, நியூகேட் என்று எத்தனை முறை சோதனையிடப்பட்டவர்கள்! அந்த இலைகள் மட்டும் எப்படியோ அவளோடு வந்து சேர்ந்திருந்தன. பாஸ்வெல்லின் காகிதங்களோடு அவை பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தை அடைந்தன. சில இலைகள் சிட்னி நூலகத்திற்குத் திரும்பிச் சென்றன.

விடுதலையான நால்வரில் ஜான் புட்சர் என்பவன், தானே விரும்பிப் படையில் சேர்ந்து மீண்டும் சிட்னிக்கே கப்பலேறினான். உயிரைப் பணயம் வைத்துத் தப்பிய அதே இடத்தில் சிறிது நிலம் பெற்று உழவனாக அமர்ந்தான். மனித மனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

மேரி ஃபோய்க்குப் போய்ச் சேர்ந்தாள். ஆண்டுக்கு இரு தவணையாக வந்த பணம், அருகிலுள்ள லாஸ்ட்வித்தியல் ஊரின் குரு வழியாக அவள் கைக்குச் சேர்ந்தது. அவர் எழுதிய பற்றுச் சீட்டுகள் இருக்கின்றன. 1795 மே மாதத்தில் பாஸ்வெல் இறந்தார். அதன்பின் பற்றுச் சீட்டு எதுவும் இல்லை. அப்போது அவளுக்கு முப்பது வயது.